எலியாவுக்கு முதலில் கிடைத்தது அடை: மனச்சோர்வும் பதற்றமும் உள்ள விசுவாசிகளுக்கு ஒரு தொடக்க வழிகாட்டி

சூரைச்செடியின் கீழே படுத்துக்கொண்டு, "போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும்" என்று சொன்னவர் எலியா. முந்தின அதிகாரத்தில்தான் கர்மேல் மலையில் அவருடைய ஜெபத்துக்கு வானத்திலிருந்து அக்கினி இறங்கியிருந்தது. அப்படிப்பட்டவர் சாவைக் கேட்டுவிட்டுத் தூங்கிப்போகிறார். தேவதூதன் வந்து தட்டி எழுப்புகிறான். பிரசங்கம் ஏதும் இல்லை, "உன் விசுவாசம் எங்கே" என்ற கேள்வியும் இல்லை. தலைமாட்டில் தழலில் சுட்ட அடை, ஒரு பாத்திரத்தில் தண்ணீர். சாப்பிட்டார், திரும்பப் படுத்துக்கொண்டார். இரண்டாந்தரம் எழுப்பினபோதும் சாப்பாடுதான்: "நீ பண்ணவேண்டிய பிரயாணம் வெகுதூரம்." கர்த்தர் "இங்கே உனக்கு என்ன காரியம்" என்று பேச்சைத் தொடங்குவது நாற்பது நாள் கழித்து, ஓரேப் மலையில்.

ஓய்வுநாள் பாடசாலையில் இந்தக் கதையை நான் பல வருஷம் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். அடையை ஒரு வரியில் தாண்டிவிட்டு, ஓரேபில் கர்த்தர் பேசின 'அமர்ந்த மெல்லிய சத்த'த்துக்கு ஓடிவிடுவேன். எனக்கே நோய் வந்து, மூன்று மாதம் சாயங்காலமானால் நெஞ்சு படபடத்து, விடியற்காலை மூன்று மணிக்கு முழிப்பு வந்து சுவரையே பார்த்துக்கொண்டு கிடந்தபிறகுதான் அந்த அடை கண்ணில் பட்டது. முதலில் உடம்பு, அப்புறம் பேச்சு. கீழே எழுதியிருப்பதும் அந்த வரிசையில்தான். டாக்டர் உங்களுக்கு இப்போதுதான் 'டிப்ரஷன்' என்றோ 'ஆங்சைட்டி' என்றோ சொல்லியிருந்தால், அல்லது இன்னும் டாக்டரிடமே போகாமல் "நமக்கு ஜெபம் குறைஞ்சுபோச்சு போல" என்று நினைத்துக்கொண்டிருந்தால், இது உங்களுக்கு.

எல்லாவற்றுக்கும் முன்னால்

சாகவேண்டும் என்ற நினைப்பு இப்போது இருக்கிறதென்றால், மிச்சத்தைப் பிறகு படிக்கலாம். 14416-க்குப் போன் பண்ணுங்கள். 'டெலி மானஸ்' என்ற மத்திய அரசின் சேவை அது, 2022 அக்டோபரில் தொடங்கியது. இரவு பகல் எந்நேரமும் கட்டணமில்லாமல் தமிழில் பேசலாம். இலங்கையில் இருப்பவர்களுக்கு 1926. பேசி முடிக்கிறவரை தனியாக இருக்கவேண்டாம். வீட்டில் யாரையாவது எழுப்பி, "எனக்குப் பயமா இருக்கு, கூட உட்காருங்க" என்று சொன்னால் போதும், காரணம் விளக்கவேண்டியதில்லை. மாத்திரை டப்பா உட்பட, ஆபத்தானது எதுவாக இருந்தாலும் அவர் கையில் கொடுத்துவிடுங்கள்.

இந்த நினைப்பு வந்ததையே மன்னிக்க முடியாத குற்றமாக எண்ணி மறைக்கிறவர்கள் நம் சபைகளில் அதிகம். மோசே, எலியா, யோனா மூன்று பேரும் சாவைக் கேட்டு ஜெபித்தவர்கள்தான். யோபும் எரேமியாவும் பிறந்த நாளையே சபித்தார்கள். வேதம் அதை அழித்துவிட்டு அச்சடிக்கவில்லை. போலீஸ் கேஸ் ஆகுமோ என்று பயந்து ஆஸ்பத்திரிக்குப் போகாத குடும்பங்களும் உண்டு. இந்தியாவின் 2017-ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 115-ஆம் பிரிவு, தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருதவேண்டும், தண்டிக்கக்கூடாது என்கிறது. அவருக்குச் சிகிச்சை கொடுப்பது அரசின் கடமை என்றும் சொல்கிறது.

பெயர் வைப்பது

துக்கம் வேறு, நோய் வேறு. ஒரு சாவு, ஒரு தோல்வி என்று ஏதாவது நடந்தால் மனம் உடைவது இயல்பு. டாக்டர்கள் பொதுவாகப் பார்ப்பது இரண்டு வாரக் கணக்கை: இரண்டு வாரத்துக்கு மேலாக, பெரும்பாலான நாட்களில், நாளின் பெரும்பகுதியும் மனம் இருண்டு கிடப்பது, பிடித்த எதிலும் பிடிப்பு இல்லாமல் போவது. அதோடு தூக்கம், பசி, கவனம், உடம்பின் தெம்பு எல்லாம் மாறும். தன்மேலேயே வெறுப்பு வரும். பதற்றமாக இருந்தால் நெஞ்சு படபடப்பு, கை வியர்ப்பது, வயிற்றைப் பிசைவது, மூச்சு முட்டுவது. 'ஹார்ட் அட்டாக்' என்று ஓடி, ஈ.சி.ஜி. எடுத்து, ஒன்றுமில்லை என்று திரும்பி வந்தவர்கள் இதைப் படிக்கும்போது தலையாட்டுவார்கள்.

இதில் ஒரு விஷயத்தை விசுவாசிகள் தனியாகக் குறித்துக்கொள்ளவேண்டும். அளவுக்கு மீறிய குற்ற உணர்வு மனச்சோர்வின் அறிகுறிகளில் ஒன்று. காய்ச்சலுக்கு உடம்பு சுடுவதுபோல. ஆனால் நமக்கு அது அறிகுறியாகத் தெரியாது, ஆவியானவர் உணர்த்துவதாகத் தெரியும். பத்து வருஷத்துக்கு முன்னால் அறிக்கையிட்டு விட்டுவிட்ட பாவம் திரும்ப வந்து நிற்கும். எனக்குச் சொல்லத் தெரிந்த வித்தியாசம் இது: உண்மையான உணர்த்துதல் ஒரு காரியத்தைக் குறிப்பாகச் சொல்லும், செய்யவேண்டியதையும் சொல்லும் — இன்னாரிடம் போய் மன்னிப்புக் கேள் என்பதுபோல. நோய் பேசும்போது, "நீயே ஒரு குப்பை" என்று மொத்தமாகச் சொல்லும், வழி எதுவும் காட்டாது.

இன்னொன்று, யாரும் வெளியே சொல்லாதது. ஜெபிக்கும்போதே தேவதூஷணமான வார்த்தைகள், அசிங்கமான படங்கள் மனதில் வந்து விழுவது. "பரிசுத்த ஆவிக்கு விரோதமான தூஷணம் மன்னிக்கப்படாது" என்ற வசனத்தைப் படித்துவிட்டு, அதை நான் செய்துவிட்டேனோ என்று ராத்திரியெல்லாம் நடுங்குவது, நூறு தடவை மன்னிப்புக் கேட்டும் தீராமல் நூற்றியோராவது தடவை கேட்பது. இது பெரும்பாலும் ஓ.சி.டி. என்ற எண்ணச்சுழற்சி நோய். நல்ல சிகிச்சை உண்டு. அந்த நினைப்பு உங்களைப் பதறவைக்கிறது என்பதே அது உங்கள் விருப்பம் இல்லை என்பதற்கு அடையாளம். திரும்பத் திரும்ப மன்னிப்புக் கேட்பது அந்தச் சுழலை இறுக்கத்தான் செய்யும். டாக்டரிடம் இதை மறைக்காமல் சொல்லுங்கள், அவர்கள் நிறையக் கேட்டிருக்கிறார்கள்.

டாக்டரிடம் போவது

நேராக மனநல மருத்துவரிடம் போகத் தயக்கமாக இருந்தால், வழக்கமாகப் பார்க்கிற குடும்ப டாக்டரிடமே தொடங்கலாம். தைராய்டு, ரத்தசோகை, பி12 குறைவு இவையும் மனச்சோர்வுபோலவே காட்டும் என்பதால் ரத்தப் பரிசோதனை எழுதித்தருவார்கள். பிரசவமான தாய்மார்கள் குழந்தை பிறந்து எத்தனை மாதம் என்பதைக் கட்டாயம் சொல்லவேண்டும். பணம் இல்லையென்றால் மாவட்டத் தலைமை அரசு ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவு இருக்கிறது, மருந்தும் இலவசம். வேலூர் சி.எம்.சி.யின் மனநல மையம் பாகாயத்தில் இருக்கிறது. அங்கே சேர்ந்தால் குடும்பத்தாரும் நோயாளியோடு தங்கவேண்டும் என்பது பழைய வழக்கம். ஒரு மிஷன் ஆஸ்பத்திரி எழுபது வருஷத்துக்குக் கிட்ட மனநோய்க்கு மருந்து கொடுத்துக்கொண்டிருக்கிறது என்பதை, "மாத்திரை சாப்பிட்டா விசுவாசம் இல்லன்னு அர்த்தம்" என்று சொல்கிற பெரியப்பாவிடம் சொல்லிப் பாருங்கள். "கீழ்ப்பாக்கம் கேஸ்" என்று சினிமாவில் சிரித்து வளர்ந்த தலைமுறை நாம். அந்தப் பயம் ஒரே நாளில் போகாது. பயத்தோடேயே போங்கள்.

போகும்போது அரைப்பக்கம் எழுதிக்கொண்டு போங்கள்: எப்போது தொடங்கியது, தூக்கம் எத்தனை மணி நேரம், சாப்பாடு எப்படி, வேறு என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள், குடும்பத்தில் யாருக்காவது இருந்ததா, சாவு நினைப்பு உண்டா. முன்பு எப்போதாவது இதற்கு நேர்மாறாக, தூக்கமே தேவைப்படாமல் அளவுமீறிய உற்சாகத்தோடு சில நாட்கள் இருந்திருந்தால் அதையும் எழுதுங்கள். அது மருந்தையே மாற்றும். அந்த அறையில் உட்கார்ந்ததும் வாய் வராது, தாளை நீட்டினால் போதும்.

மருந்து தொடங்கினால் தெரிந்திருக்கவேண்டியவை கொஞ்சம்தான். எஸ்சிட்டலோபிராம், செர்ட்ரலின் போன்றவை தலைவலி மாத்திரைபோல ஒரு மணி நேரத்தில் வேலை செய்யாது. தெளிவு தெரிய இரண்டு முதல் ஆறு வாரம்கூட ஆகலாம். முதல் வாரத்தில் குமட்டலும் கூடுதல் பதற்றமும் வரக்கூடும், வந்தால் டாக்டருக்குச் சொல்லுங்கள், நீங்களே நிறுத்தவேண்டாம். அல்ப்ராசோலம், குளோனாசெபாம் போன்றவை உடனே நிம்மதி தரும், ஆனால் பழகிவிடும். அதனால் டாக்டர் சொன்ன நாட்களுக்கு மேல் மெடிக்கலில் தானாக வாங்கிச் சாப்பிடக்கூடாது. குணமானது போலத் தெரிந்தபிறகும் வழக்கமாக ஆறு மாதமாவது தொடரச் சொல்வார்கள்.

நான் நிறுத்தினேன். ஒரு கன்வென்ஷன் மேடையில், ஊரும் பேரும் வேண்டாம், "கர்த்தர் சுகம் கொடுத்துட்டார், மாத்திரையைத் தூக்கி எறியுங்க" என்றார்கள். எழுந்து நின்று சாட்சியும் சொன்னேன். மூன்றாம் நாள் தலைசுற்றல், மண்டைக்குள் கரண்ட் அடிப்பதுபோல ஒரு வெட்டு. ஒன்றரை மாதத்தில் பழையபடி இருட்டுக் கிணற்றின் ஆழத்தில் கிடந்தேன். இந்தத் தடவை "சாட்சி சொல்லிட்டு விழுந்துட்டேனே" என்ற வெட்கமும் சேர்ந்துகொண்டது. தெய்வீக சுகத்தை நான் இன்றும் நம்புகிறேன். சுகம் கொடுத்தவர் அவரென்றால், டாக்டர் சிறிது சிறிதாக அளவைக் குறைக்கிற மூன்று மாதமும் அது நிலைத்திருக்கும், அவ்வளவுதான். பவுல், தீமோத்தேயுவின் வயிற்றுக்கும் 'அடிக்கடி நேரிடுகிற பலவீனங்களுக்கும்' கொஞ்சம் திராட்சரசம் கூட்டிக்கொள்ளச் சொன்னவர். அவருக்குத் துணையாக இருந்த லூக்காவையும் 'பிரியமான வைத்தியன்' என்றுதான் கொலோசெயருக்கு எழுதுகிறார்.

ஜெபிக்க முடியாத நாட்களின் ஜெபம்

அதிகாலை நான்கு மணிக்கு எழுந்து ஒரு மணி நேரம் முழங்காலில் நின்ற பழைய பழக்கத்தை இப்போது உங்களுக்கு அளவுகோலாக வைக்கவேண்டாம். கால் உடைந்தவன் ஓட்டப்பந்தயக் கணக்குப் பார்ப்பதில்லை. உபவாசம், முழு இரவு ஜெபம் இரண்டையும் கொஞ்ச காலம் ஒதுக்கிவையுங்கள். ஏற்கெனவே சாப்பிடாமலும் தூங்காமலும் கிடக்கிற உடம்பு அது. முக்கியமாக, உற்சாகமும் சோர்வும் மாறிமாறி வருகிற பைபோலார் நோய் உள்ளவர்களுக்கு ஒரு ராத்திரித் தூக்கம் போனாலே நோய் கிளம்பக்கூடும். சபையில் கேட்டால், "டாக்டர் ராத்திரி முழிக்கக்கூடாதுன்னு சொல்லியிருக்காங்க" என்பது போதுமான பதில்.

சின்னதிலிருந்து தொடங்குங்கள். எரிகோ வழியில் உட்கார்ந்திருந்த குருடனான பர்திமேயு கூப்பிட்ட கூப்பிடு: "இயேசுவே, தாவீதின் குமாரனே, எனக்கு இரங்கும்." இதை மூச்சோடு சேர்த்துச் சொல்லலாம். மூக்கால் இழுக்கும்போது 'இயேசுவே', மெதுவாக வாயால் விடும்போது 'எனக்கு இரங்கும்'. விடுகிற மூச்சு இழுக்கிறதைவிட நீளமாக இருக்கட்டும். பதற்றம் கிளம்பும்போது உடம்பைத் தணிக்கிற வேலையை அந்த நீண்ட மூச்சு செய்யும். 'பேனிக் அட்டாக்' பெரும்பாலும் பத்து நிமிடத்துக்குள் உச்சத்துக்குப் போய்ப் பிறகு இறங்கும். அந்தப் பத்து நிமிடம் பிடித்துக்கொள்ள ஒரு கம்பி வேண்டும். ஐந்து நிமிடம் இப்படிச் சொன்னது ஜெபமா, மூச்சுப் பயிற்சியா என்று யாராவது கேட்டால் இரண்டும்தான். கத்தோலிக்கர்களுக்கு ஜெபமாலையே இருக்கிறது. விரல் ஒரு மணியிலிருந்து அடுத்த மணிக்குப் போவதே சிதறுகிற மனதுக்கு ஒரு தடம்.

சொந்த வார்த்தை வரவில்லையென்றால் மற்றவர் வார்த்தையைக் கடன் வாங்குங்கள். சபை ஆராதனைப் புத்தகத்தில் அச்சடித்த ஜெபங்கள் 'உயிரில்லாதவை' என்று ஒரு காலத்தில் நானே சொல்லியிருக்கிறேன். என்னிடம் உயிர் இல்லாத நாட்களில் அவைதான் என்னைச் சுமந்தன.

வேதவாசிப்புக்கு ஒரு வருஷத் திட்டமெல்லாம் வேண்டாம். 13-ஆம் சங்கீதத்தை எடுங்கள், ஆறே வசனம். முதல் இரண்டில் 'எதுவரைக்கும்' என்று நான்கு தடவை கேட்கிறார்: "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்?" அடுத்த இரண்டில் வேண்டுதல். கடைசி இரண்டில்தான் நம்பிக்கை. ஒரு நோட்டில் உங்கள் சொந்த 13-ஆம் சங்கீதத்தை அதே மூன்று பாகமாக எழுதுங்கள். முதல் பாகத்தில் உங்கள் 'எதுவரைக்கும்'களை நாசூக்குப் பார்க்காமல் கொட்டுங்கள். இரண்டாவதில் ஒரே ஒரு வேண்டுதல், "இன்றைக்கு நான்கு மணி நேரமாவது தூக்கம் தாரும்" என்ற அளவில். மூன்றாவது பாகம் வரவில்லையா? காலியாக விடுங்கள், தேதி மட்டும் போடுங்கள். 88-ஆம் சங்கீதத்துக்கு அந்த மூன்றாம் பாகம் கிடையாது. "எனக்கு அறிமுகமானவர்கள் மறைந்துபோனார்கள்" என்பதோடு இருட்டிலேயே முடிகிறது. அதையும் தேவாலயத்தில் பாடத்தான் சேர்த்துவைத்திருக்கிறார்கள்.

"நீங்கள் ஒன்றுக்குங் கவலைப்படாமல்" என்ற பிலிப்பியர் வசனத்தைப் பற்றி ஒரு வார்த்தை. புதுவருஷத்துக்குச் சபையில் தருகிற வாக்குத்தத்த அட்டையில் பார்க்கும்போது அது கட்டளைபோல அடிக்கும், கவலைப்பட்டதற்கும் சேர்த்துக் கவலைப்படுவோம். அதே நிருபத்தின் இரண்டாம் அதிகாரத்தில் பவுல், எப்பாப்பிரோதீத்து சாகும் அளவுக்கு வியாதிப்பட்டதையும், தனக்குத் 'துக்கத்தின்மேல் துக்கம்' வராமல் தேவன் இரங்கினதையும் எழுதுகிறார். கவலையே தெரியாத மனிதர் எழுதிய நிருபம் இல்லை அது. கெத்செமனேயில் இயேசு, "என் ஆத்துமா மரணத்துக்கேதுவான துக்கங்கொண்டிருக்கிறது" என்றார். சொன்னதோடு நிற்காமல், மூன்று பேரைக் கூட்டிப்போய்ப் பக்கத்தில் விழித்திருக்கச் சொன்னார்.

யாரிடம் சொல்வது

ஆகவே உங்களுக்கும் மூன்று பேர் போதும், ஒருவர் என்றாலும் சரி. சபை வாட்ஸப் குரூப்பில் 'ஜெபக்குறிப்பு' போடாதீர்கள். நூறு பேர் கைகூப்பும் படம் அனுப்புவார்கள், பத்துப் பேர் வீட்டுக்கு வந்து விசாரிப்பார்கள், நீங்கள் காபி போட்டுக்கொடுத்து அவர்களைத் தேற்றி அனுப்பவேண்டி வரும். கேட்டதை வெளியே விடாதவர், பதில் சொல்லத் துடிக்காதவர் யாரென்று யோசியுங்கள். போதகரின் மனைவி ஐயரம்மாவாக இருக்கலாம், கொயரில் பக்கத்தில் நிற்கிற அக்காவாக இருக்கலாம். கேட்பதைக் குறிப்பாகக் கேளுங்கள்: "அக்கா, எனக்கு டிப்ரஷன்னு டாக்டர் சொல்லியிருக்காங்க, மாத்திரை சாப்பிடுறேன். அட்வைஸ் வேண்டாம்க்கா. வியாழக்கிழமை ஆஸ்பத்திரிக்கு என்கூட வர முடியுமா?" திமிர்வாதக்காரனை இயேசுவிடம் தூக்கிவந்த நான்கு பேரும் அவனுக்குப் பிரசங்கம் பண்ணியதாக மாற்கு எழுதவில்லை. கூரையைப் பிரித்தார்கள், கட்டிலை இறக்கினார்கள்.

"ஜெபம் பண்ணலையா", "மனசைத் தேற்றிக்கோ", "உன்னைவிடக் கஷ்டப்படுறவங்க இல்லையா" — இவை வரும். எல்லாவற்றுக்கும் பதில் சொல்லத் தேவையில்லை. "ஜெபிக்கிறேன் சித்தி, நீங்களும் ஜெபிச்சுக்கோங்க" என்று சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றலாம்.

ஒன்றில் மட்டும் விட்டுக்கொடுக்கவேண்டாம். "பிசாசின் கட்டு" என்று சொல்லி அடிப்பது, பட்டினி போடுவது, எங்கோ ஒரு ஜெபவீட்டில் கட்டிவைப்பது எதற்கும் நீங்களோ வீட்டாரோ சம்மதிக்கக்கூடாது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில், சங்கிலியால் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் செத்துப்போனார்கள். எந்த மதத்தின் பெயரால் கட்டினாலும் சங்கிலி சங்கிலிதான். 2017-ஆம் ஆண்டுச் சட்டம் அதை முழுக்கத் தடைசெய்கிறது. ஜெபிக்கிறேன் என்று தலையில் கைவைக்கிற பாஸ்டரிடம், "மருந்தும் தொடரலாம்தானே ஐயா" என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். "ஆமாம், தொடருங்க" என்று தயங்காமல் சொல்கிறவரிடம் தலையைக் கொடுக்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை

போகமுடிந்தால் போங்கள், பாதி நேரமாவது. கடைசி வரிசையில், வாசல் பக்கம், ஃபேனுக்குக் கீழே. ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் உட்காராதீர்கள், அந்தச் சத்தத்திலேயே படபடப்புத் தொடங்கும். "எல்லாரும் கையை உயர்த்திச் சந்தோஷமாய்" என்று சொல்லும்போது கை எழும்பவில்லையென்றால் மடியில் இருக்கட்டும். பாட வரவில்லையென்றால் மற்றவர்கள் பாடுவதைக் கேளுங்கள், அன்றைக்கு அவர்கள் உங்களுக்கும் சேர்த்துப் பாடுகிறார்கள். திருவிருந்து நாளை மட்டும் முடிந்தவரை விடாதீர்கள் என்று சொல்வேன். அங்கே நீங்கள் எதையும் உணர்ந்து காட்டவேண்டியதில்லை, கையை நீட்டினால் போதும், அப்பம் வைக்கப்படும். எலியாவின் அடைக்கு எனக்குத் தெரிந்த மிக நெருங்கின உறவு அதுதான்.

டிசம்பர் தனி. கேரல் ரவுண்ட்ஸ், ராத்திரி முழிப்பு, புதுத்துணி, உறவுக்கூட்டம், பிறகு 31-ஆம் தேதி நள்ளிரவு ஆராதனை. நவம்பரிலேயே டாக்டரைப் பார்த்துவிட்டு, எதெதற்குப் போவது என்று முன்கூட்டியே இரண்டைத் தேர்ந்துகொள்ளுங்கள். வாக்குத்தத்த அட்டையை மறுநாள் காலை வாங்கிக்கொள்ளலாம், வசனம் ஒன்றும் கெட்டுப்போகாது.

வேதாகமத்தின் பின்னட்டையில் ஒரு பக்கம்

இந்த நோய் சிலருக்குத் திரும்ப வரும். வரும்போது நாம் கடைசியாகத்தான் கண்டுபிடிப்போம், வீட்டிலிருப்பவர்களுக்கு முன்னாடியே தெரியும். அதனால் கொஞ்சம் தெளிவாக இருக்கும் நாளில், வீட்டில் ஒருவரை உட்காரவைத்து, உங்களுக்கு வரும் முதல் அறிகுறிகளைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். நான் அதை என் வேதாகமத்தின் பின்னட்டையில் உள்பக்கமாக ஒட்டியிருக்கிறேன். என் வீட்டுக்காரர் சொல்லச்சொல்ல எழுதியது:

போன் அடிச்சா எடுக்கமாட்டா. தலைக்குக் குளிக்கிறது தள்ளிப்போகும். குழம்பில் உப்பு இருக்காது, கேட்டா அழுவா. மூணு மணிக்கு ஹாலில் லைட் எரியும்.

அதற்குக் கீழே டாக்டரின் நம்பர், அக்காவின் நம்பர், 14416. அதற்கும் கீழே அவரே தன் கையெழுத்தில் ஒரு வரி சேர்த்திருக்கிறார்: "முதல்ல சாப்பிட வை."